மேட்ரனுக்குக் கையெழுத்து உரிமை கிடையாது

என் பெரியம்மா ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். காவிரிக்கரை ஊர், டிரஸ்ட் நடத்தும் இல்லம். பணம் கட்டித் தங்குகிறவர்களும் உண்டு, கட்ட வழியில்லாதவர்களும் உண்டு. போன ஆடி மாதம் பெரியம்மாவின் வாட்டர் பெட் ஓட்டை விழுந்து ஒழுகிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுத்த படுக்கையாக இருப்பவர்; அது இல்லாமல் இரண்டு நாள் போனாலே முதுகு புண்ணாகிவிடும். மேட்ரன் அன்றைக்கே ஆள் அனுப்பிப் புதிது வாங்கிப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் நான் போனபோது பில்லைக் கேட்டேன். "வேண்டாங்க்கா, இது இல்லத்துக் கணக்குல வரணும், நீங்க கொடுக்கக் கூடாது" என்றார். பேச்சு வாக்கில்தான் தெரிந்தது, அதைத் தன் கைக்காசில் வாங்கியிருக்கிறார் என்று. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் ஒரு டிரஸ்டியின் ஒப்புதல் வேண்டுமாம். செக் என்றால் இரண்டு பேர் கையெழுத்து. அந்த இருவரில் ஒருவர் சென்னையில் இருக்கிறார், இன்னொருவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். "வந்ததும் கொடுத்துடுவாங்க, எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு யாருக்கோ மாத்திரை கொடுக்கப் போய்விட்டார்.

பணம் ஒரு மாதம் கழித்து அவருக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் அந்த ஏற்பாடு மனதை விட்டுப் போகவில்லை. நாற்பது பேருக்கு மேல் இருக்கிற இல்லம் அது. ராத்திரி ஒருவருக்கு மூச்சு இழுத்தால் 108-ஐக் கூப்பிடுவதா, விடிகிற வரை பார்ப்பதா என்று முடிவெடுப்பது மேட்ரன். துபாயில் இருக்கிற மகன் போனில் "நீங்களே பார்த்து எது சரியோ செய்யுங்க" என்பான், செய்வதும் அவர்தான். பாத்ரூமுக்குப் பக்கத்துக் கட்டில் யாருக்கு, யாரைத் தனியாக மாடிப்படி பக்கம் விடக் கூடாது, யாருக்குச் சர்க்கரை எகிறியிருந்தாலும் பிறந்தநாளன்று ஒரு துண்டு ஜாங்கிரி கொடுக்கலாம், இறந்துபோனவரின் எந்தப் பிள்ளைக்கு முதலில் சொன்னால் சண்டை வராது, எல்லாமே அவர் தலையில். உயிர் சம்பந்தப்பட்ட முடிவை எடுக்கலாம், வாட்டர் பெட் வாங்க முடியாது. இப்படி ஒரு பதவி வேறு எந்தத் தொழிலிலாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இல்லை.

டிரஸ்டிகள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படி இருந்தால் எழுதுவது எளிது. ஐந்து பேரும் ஓய்வுபெற்ற ஆண்கள். ஒருவர் தன் பூர்வீக நிலத்தையே எழுதிக் கொடுத்தவர், இன்னொருவர் வருஷா வருஷம் ஆடிட்டருக்கு ஆகும் செலவைத் தானே ஏற்கிறவர். யாரும் ஒரு ரூபாய் எடுத்ததாகப் பேச்சு இல்லை. ஆண்டு விழாவில் மேட்ரனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, "இந்த அம்மா இல்லேன்னா இந்த இல்லமே இல்லை" என்று மனதாரத்தான் சொன்னார்கள். கூட்டமும் கை தட்டியது, நானும் தட்டினேன். பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு அவர் பந்தி பரிமாறப் போனார். மேடையில் நாற்காலி போட்டிருந்தது ஐந்து பேருக்கு.

பரிசு வாங்கிய வேலைக்காரி

இந்த எரிச்சலோடு இருந்த நாட்களில்தான் ழான் ஜூகன் என்ற பிரெஞ்சுப் பெண்மணியைப் பற்றித் தேடிப் படித்தேன். சென்னையில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை நடத்தும் முதியோர் இல்லத்தைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சபையைத் தொடங்கியவர் அவர். 2009 அக்டோபரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் வழக்கமான புனிதர் கதை. நடுவில் நடந்தது வேறு மாதிரி.

1792-ல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் கான்கால் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மீனவர், ழான் சிறுமியாக இருக்கும்போதே கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பெண் பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டுச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தது. பிறகு ஆஸ்பத்திரி வேலை, மறுபடி வீட்டு வேலை. 1839 குளிர்காலத்தில், நாற்பத்தேழு வயதில், சான் செர்வான் ஊரில் வாடகைக்கு இருந்த இடத்துக்கு ஆன் ஷோவான் என்ற பார்வையற்ற, கை கால் விழுந்துபோன கிழவியைக் கொண்டுவந்து சேர்த்தார். தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு கிழவி, அப்புறம் இன்னும் சிலர். ஒத்தாசைக்கு இளம் பெண்கள் சிலர் வந்தார்கள். இடம் போதாமல் பெரிய இடம் பார்த்தார்கள்.

பணத்துக்கு அவர் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. வந்து சேர்ந்த கிழவிகள் பலர் அதுவரை வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்தவர்கள். எந்தெந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்குப் பதிலாகக் கூடையை எடுத்துக்கொண்டு இவர் போனார். அந்த வீடுகளுக்கு ஏற்கெனவே கொடுத்துப் பழக்கம். வாங்க வருகிற ஆள்தான் மாறியிருக்கிறது. நன்கொடை திரட்டுவதைப் பற்றி இன்று எத்தனையோ பயிலரங்குகள் நடத்துகிறார்கள், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனையை நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு வேலைக்காரப் பெண் யோசித்தது. வீடு வீடாகப் போய்க் கேட்பது இன்றும் அந்தச் சபையின் வழக்கம்.

1842-ல் அந்தப் பெண்கள் கூடித் தங்கள் தலைவியாக ழானைத் தேர்ந்தெடுத்தார்கள். 1843 டிசம்பர் 8-ல் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 23-ஆம் தேதி, ஊர்ப் பங்கின் இளம் உதவிப் பாதிரியார் லெ பாயர் அந்தத் தேர்தல் செல்லாது என்றார். செல்லாது என்று சொன்னதோடு நிற்கவில்லை. இருபத்து மூன்று வயது மரி ஜாமேயைத் தலைவியாக நியமித்தார். தேர்தல் முடிந்து பதினைந்தே நாள். ழானுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

இந்த இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். எப்படி முடிந்தது? கட்டிலைக் கொடுத்தவர் ழான். ரொட்டியும் உருளைக்கிழங்கும் வந்தது அவர் கூடையில். ஊர்க்காரர்கள் நம்பியதும் அவரைத்தான். பாதிரியார் கையில் இருந்தது வேறு வகை அதிகாரம்: மரி ஜாமே உட்பட அந்த இளம் பெண்கள் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தது அவரிடம், அவர் சொல்லை ஞானத் தந்தையின் சொல்லாகக் கேட்டுப் பழகியவர்கள். எதிர்த்துக் கேட்க அவர்களுக்கு வாய் வந்திருக்காது. ழானும் எதிர்க்கவில்லை. தலைமையை விட்டுக் கொடுத்துவிட்டுக் கூடையோடு மறுபடி தெருவுக்குப் போனார். ரென், தினான், ஆன்ஜே என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு, புது இல்லங்களுக்கு வழி செய்தார்.

வேடிக்கை அடுத்ததுதான். சான் செர்வான் ஊர் மேயரும் பெரிய மனிதர்களும் இந்த உள்விவகாரம் எதையும் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு அந்த இல்லம் என்றால் ழான். பிரெஞ்சு அகாடமி நற்செயலுக்குக் கொடுக்கும் மோன்தியோன் பரிசுக்கு அவர் பெயரை எழுதி அனுப்பினார்கள். 1845 டிசம்பரில், பதவி பறிபோய் இரண்டு வருஷம் ஆன பிறகு, பாரிஸ் அறிஞர் சபையில் அவரைப் புகழ்ந்து உரையாற்றி 3000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள். அந்த உரையின் அச்சுப் பிரதியை அவர் புதிய ஊர்களில் அறிமுகச் சீட்டாகக் காட்டிப் பணம் திரட்டினார். ஒரு நிறுவனத்தில் எந்தப் பதவியும் இல்லாதவர், அந்த நிறுவனத்தைத் தொடங்கியதற்காகக் கிடைத்த பரிசைக் காட்டி, அதே நிறுவனத்துக்குக் காசு சேர்க்கிறார். எங்கள் ஊர் ஆண்டு விழாப் பொன்னாடை எனக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

1852-ல் அவரைச் சபையின் தலைமையகமான தாய் இல்லத்துக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். இனி வெளியே போய்க் கேட்க வேண்டாம், கொடையாளர்களோடு தொடர்பு வேண்டாம் என்று உத்தரவு. அதற்குப் பிறகு சாகும் வரை இருபத்தேழு வருஷம், கடைசியில் சான் பெர்ன் என்ற கிராமத்து மடத்தில், இளம் சகோதரிகள் நடுவே ஒரு வயதான சகோதரியாக இருந்தார். இவர்தான் தொடங்கியவர் என்று அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. சபையை உண்டாக்கியவர் லெ பாயர் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1879 ஆகஸ்டில் ழான் இறந்தபோது சபையில் சுமார் 2400 சகோதரிகள். மூன்று வருஷம் கழித்து, 1882-ல், கல்கத்தாவில் கால் வைத்து இந்தியாவுக்கு வந்த சகோதரிகளும் அந்தத் திருத்திய வரலாற்றைச் சுமந்துதான் வந்திருப்பார்கள். ஏனென்றால் லெ பாயரை ரோம் அழைத்துப் பொறுப்பிலிருந்து விலக்கியது 1890-ல்.

நாற்காலியில் உட்கார்ந்தவரும் பெண்தான்

பெண்களுக்குத் தலைமை கொடுங்கள் என்று எழுதி முடிப்பதாகத்தான் இந்தக் கட்டுரையை முதலில் நினைத்திருந்தேன். மரி ஜாமே குறுக்கே வந்துவிட்டார். ழானை இறக்கிவிட்டு உட்கார வைத்ததும் ஒரு பெண்ணைத்தான். 1893-ல் இறக்கும் வரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் சபையின் தலைவி அவர். தலைக்கணக்கு எடுக்கிறவர் வந்து பார்த்தால், மேலிருந்து கீழ் வரை பெண்களே நடத்தும் முதியோர் சேவை அமைப்பு என்று திருப்தியாக எழுதிக்கொண்டு போவார். அந்த ஐம்பது வருஷத்தில் நாற்பத்தேழு வருஷம் முக்கியமான முடிவெல்லாம் பாதிரியாருடையது. அவரே அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்பதால் அந்தப் பெண்ணுக்கு அவரை எதிர்க்க எந்தப் பிடிமானமும் இல்லை. இன்றைக்கும் டிரஸ்டியின் மனைவி, மருமகள் பெயர் டிரஸ்ட் பத்திரத்தில், அதாவது டீடில், இருப்பதை வைத்து 'எங்கள் குழுவில் இரண்டு பெண்கள்' என்று சொல்கிற அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். கூட்ட நோட்டில் கையெழுத்து மட்டும் வீட்டுக்கே போய் வாங்கி வருவார்கள்.

1865-ல் நடந்த ஒன்றும் என்னைக் குழப்பியது. ஒரு பிரபு வருஷத்துக்கு நாலாயிரம் பிராங்க் நிரந்தரமாக வருகிற மாதிரி ஒரு முதலீட்டைச் சபைக்குக் கொடுக்க முன்வந்தார். வாங்கலாமா வேண்டாமா என்று தலைமைக் குழுவில் பெரிய யோசனை. அப்போது, ஒதுக்கி வைத்திருந்த ழானைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நிலையான வருமானம் வேண்டாம், அன்றன்றைக்குக் கேட்டு வாங்குவதே நம் வழி என்றார் அவர். அப்படியே தீர்மானம் ஆனது. அதில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. பதவியே இல்லாதவரின் கையெழுத்து எதற்கு? சபை எதனால் ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும் என்று உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான். தெரிந்திருந்தும் இருபத்தேழு வருஷம் மூலையில் வைத்திருந்தார்கள்.

கன்னியர் மடத்தில் இருக்கும் என் பள்ளித் தோழியிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவளுக்கு என் கோபம் புரிந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க அன்னைக்குச் சண்டை போட்டிருந்தா வீடு ரெண்டா உடைஞ்சிருக்கும்டி. அந்தக் கிழவிங்க மறுபடி தெருவுக்குத்தான் போயிருப்பாங்க. அவங்க பதவியைப் பார்க்கல, அவங்களைப் பார்த்தாங்க" என்றாள். ழானின் மௌனத்தைத் தாழ்மை என்று திருச்சபை போற்றுவதும் இந்த அர்த்தத்தில்தான். தோழி சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அப்படியென்றால் லெ பாயர் கையில் இருந்த பிணைக்கைதிகள் யார் என்பதும் அதிலேயே இருக்கிறதே. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம் மற்ற ஊழியர்களுக்கு இருக்கிற ஓர் ஆயுதம் கிடையாது: 'முடியாது, நான் போகிறேன்' என்று சொல்ல முடியாது. சொன்னால் அன்று ராத்திரி நாற்பது பேரைத் திருப்பிப் போட்டுப் படுக்க வைக்க ஆள் இருக்காது. அவர் போக மாட்டார் என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரியும். வாட்டர் பெட்டைக் கைக்காசில் வாங்கிவிடுவார் என்பதும் தெரியும், அதனால்தான் கையெழுத்து விதியை மாற்ற இத்தனை வருஷம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீடில் யார் பெயர்

நம் ஊரில் பெண்கள் தொடங்கி நடத்திய அமைப்புகளே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆதரவற்ற வயதான பெண்களுக்காக சாவித்திரி வைத்தி சென்னையில் 1978-ல் விஷ்ராந்தியைத் தொடங்கினார். பெங்களூரில் மறதி நோய் வந்த முதியவர்களுக்கான பராமரிப்பில் பெயர் பெற்ற நைட்டிங்கேல்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் ராதா மூர்த்தி. இவர்களெல்லாம் தொடங்கும்போதே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள். படிப்பு, தொடர்புகள், வெளியே போனால் மதித்துக் கேட்கிற ஆட்கள், எல்லாம் ஓரளவு கைவசம் இருந்தவர்கள். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, சமுதாயம் அப்போது இருந்த நிலைக்கு அதுவே பெரிய காரியம். ஆனால் ஆயாவாகச் சேர்ந்து, மேட்ரனாகி, இருபது வருஷம் ஒரு இல்லத்தைத் தாங்கிய பெண் அங்கிருந்து டிரஸ்டியானதாக நான் விசாரித்த இடங்களில் ஒரு உதாரணம்கூடக் கிடைக்கவில்லை. மேட்ரன்களில் பலர் கணவனை இழந்தவர்கள், அல்லது பிரிந்து வந்தவர்கள். இல்லத்திலேயே ஓர் அறை, சாப்பாடு, அதைக் கழித்துக்கொண்டு ஒரு சம்பளம். ராத்திரி டூட்டி, பகல் டூட்டி என்ற பிரிவெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.

சட்டமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. முதியோர் இல்லம் நடத்தும் டிரஸ்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. டீடில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பெண்கள்தான் அதிகம். படுக்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பார்த்துக்கொள்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், தீர்மானப் புத்தகத்தில் மட்டும் ஆண்களின் கையெழுத்து. கொடுக்கிறவர்களின் மனசும் இதற்கு ஒத்துப்போகிறது. தாத்தா திதிக்கு ஒரு வேளை சாப்பாடு, தீபாவளிக்குச் சேலை, கட்டடத்துக்குக் கல்வெட்டோடு ஒரு அறை, இதற்கெல்லாம் ஆள் கிடைப்பார்கள். 'மேட்ரன் சம்பளத்தை ஆறு மாதம் நான் ஏற்கிறேன்' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நிர்வாகச் செலவு என்றாலே விரயம் என்கிற எண்ணம் அரசுக்கும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்கு எடுக்கலாம் என்றிருந்ததை அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் 20 ஆக்கினார்கள். நன்றாக நடத்துவதற்கு ஆகும் செலவும் சேவைதான் என்று இந்த நாட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் போய்ச் சொன்னது சென்னை டிரஸ்டியிடம். பொறுமையாகக் கேட்டார். மேட்ரனை டிரஸ்டியாகச் சேர்க்கக் கூடாதா என்று நேரடியாகவே கேட்டேன். "சம்பளம் வாங்கறவங்க டிரஸ்டியா இருந்தா, அவங்க சம்பளத்தை அவங்களே முடிவு பண்ற மாதிரி ஆயிடும்மா. நாளைக்கு ஆடிட்ல கேள்வி வரும்" என்றார். நியாயமான கேள்விதான். அந்த ஒரு விஷயம் வரும்போது அவர் வெளியே போய் உட்காரட்டும், மற்றதற்கெல்லாம் ஓட்டு இருக்கட்டும் என்றேன். நிலம் கொடுத்தவரே தன் தம்பியின் கடையிலிருந்து அரிசி வாங்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதை நான் சொல்லவில்லை. சென்னை டிரஸ்டிக்கே அது ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூட்டத்துக்குக் கூப்பிடலாம் என்ற இடத்துக்கு வந்தார். ஓட்டு கிடையாது.

எனக்கு இது மரி ஜாமே நாற்காலியைவிடக் குறைவாகப் பட்டது. மேட்ரனிடம் போனில் சொன்னபோது அப்படியே சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார். "டிரஸ்டி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாங்க்கா. மீட்டிங்கை ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு வைக்கிறாங்க. அது ஊட்டி விடற நேரம், நான் எப்படிப் போய் உட்கார்றது? மூணு மணிக்கு மாத்தச் சொல்லுங்க. அப்புறம், பத்தாயிரம் வரைக்கும் நானே செக் போடற மாதிரி எழுதச் சொல்லுங்க. அது வந்தாப் போதும் இப்போதைக்கு." இதை அப்படியே எழுதி டிரஸ்டிகள் ஐந்து பேருக்கும் அனுப்பினேன், டிரஸ்டி பதவி பற்றிய என் வேண்டுகோளையும் விடாமல் சேர்த்து. கூட்டம் மூன்று மணிக்கு மாறிவிட்டது. பத்தாயிரம் ரூபாய் விஷயம் அடுத்த கூட்டத்து அஜெண்டாவில் இருக்கிறது, ஏழாவதாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட் அடிப்பதற்கு அடுத்து.